வீட்டு அலங்காரத்தில் எவை நாளடைவில் வெறுத்துப்போகின்றன?

பெங்களூருவில் சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் நீங்கள் வாங்கியிருக்கும் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு, இன்டீரியர் நிறுவனம் அனுப்பிய கணினிப் படங்களை முன்வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். சாம்பலும் வெள்ளையுமாகக் கைப்பிடி இல்லாத திறந்த சமையலறை, ஹால் முழுவதும் ஃபால்ஸ் சீலிங், குளியலறையில் கறுப்புக் குழாய்கள், டிவிக்குப் பின்னால் வரிவரியான பேனல், சுவரில் மாட்டும் பூஜை அலமாரி ஆகியவை அந்தப் படங்களில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். சேலத்திலிருந்து வந்த உங்கள் மாமியார் சாமிக்கு இடம் போதாது என்கிறார். அலுவலக நண்பர்கள் சாம்பல் நிறம் பழசாகிவிட்டது என்கிறார்கள். மக்களுக்குப் பொதுவாகப் பிடிக்காதவை எவை என்று தெரிந்தால் அவற்றைத் தவிர்த்துவிடலாம் என்பது உங்கள் எண்ணம். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வந்து பார்க்கிறவர்களுக்கு எது பிடிக்காது என்பது ஒன்று; அங்கேயே குடியிருக்கப்போகிற உங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் எது பிடிக்காமல் போகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உறுதியான பதில் யாரிடமும் கிடையாது. இரண்டாவதற்குப் பெருமளவு உண்டு. ஏனென்றால் அந்த வெறுப்பைத் தண்ணீரும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கூரையின் உயரமும் உண்டாக்குகின்றன, இவற்றை முன்கூட்டியே கணக்கிட முடியும்.

நான் கட்டடக்கலை படித்தவன். இந்த ஊரின் அடுக்ககங்களில் உட்புற வேலைகளை நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். என்னிடம் வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ்க் குடும்பங்கள். சாவியை வாங்கும் நாளில் எல்லோருக்கும் எல்லாமே அழகாகத்தான் தெரிகிறது. கீல் தளர்ந்துவிட்டது, பலகை உப்பிவிட்டது என்று பின்னாளில் அழைக்கிறார்களே, அப்போது அவர்கள் கொட்டித் தீர்க்கும் குறைகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சென்னையின் கடற்காற்றுக்கும் புழுக்கத்துக்கும் கணக்கு வேறு. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் விருந்தினர்களின் வெறுப்பைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். கண்ணாடி ஷோகேஸில் அடுக்கிய பொம்மைகள், பிளாஸ்டிக் பூங்கொத்து, ஃபிரிட்ஜின் மேல் பூ வேலைப்பாட்டுத் துணி, தங்க நிறக் கரை போட்ட சோபா ஆகியவற்றைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம். சுவரெல்லாம் வெறுமையாக, தரையெல்லாம் ஒரே நிறமாக இருக்கும் வீட்டைப் பார்த்து ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே என்பவர்கள் இன்னொரு பக்கம். பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர், ரசனை என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும் பங்கு, தாம் எந்தச் சமூக வகுப்பைச் சேர்ந்தவர் என்று காட்டிக்கொள்வதும், கீழே இருப்பதாக நினைக்கும் வகுப்பிலிருந்து விலகி நிற்பதுமே என்று 1970களில் விரிவாக வாதிட்டார். நம் அடுக்ககங்களில் அதை நாள்தோறும் பார்க்கலாம். தினசரிக் காலண்டரைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லாத வடிவமைப்பாளர் அரிது. நல்ல நேரமும் அமாவாசையும் பார்க்காமல் நாளைத் தொடங்காத மாமியார் இருக்கும் வீட்டில், எந்தச் சுவரில் என்ன அலங்காரம் செய்தாலும், மூன்றாம் மாதம் அங்கே ஓர் ஆணி இறங்கியே தீரும். அந்த ஆணிக்கு முதலிலேயே ஓர் இடம் ஒதுக்கிவிடுவது நல்லது. இந்த வகைக் குறைகளைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் அவற்றுக்காக ஒரு ரூபாய்கூட மாற்றிச் செலவழிக்க வேண்டியதில்லை.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியவற்றுக்கு வருகிறேன். உங்கள் படங்களில் முதலில் மாற்ற வேண்டியது குளியலறை. காவிரிக் குழாய் எட்டாத புறநகர் அடுக்ககங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியே இருக்கின்றன. 2024 கோடையில் அந்த நிலை நாட்டுக்கே தெரிந்தது. ஆழ்துளைத் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர், அதாவது கால்சிய, மக்னீசிய உப்புகள் மிகுந்த தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. உங்கள் வளாகத்தின் தண்ணீர்ச் சோதனை அறிக்கையைக் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டு வாங்கி, அந்த எண்ணைப் பாருங்கள். எண் 300, 400 என்று இருந்தால், குழாயின் மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் காயும்போது சுண்ணாம்பை விட்டுச் செல்லும். பளபளப்பான குரோமியக் குழாயில் அது சற்று மறைந்து நிற்கும். மங்கல் கறுப்பிலோ வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கண்ணைக் குத்தும். அதைப் போக்க வீட்டு உதவியாளர் கழிப்பறைக்கு வாங்கிய அமிலத் திரவத்தை ஊற்றித் தேய்ப்பார். கறுப்புப் பூச்சு திட்டுத்திட்டாக வெளுக்கும். குளிக்கும் இடத்தைப் பிரிக்கும் கண்ணாடித் தடுப்புக்கும் இதே கதிதான். குளித்தவுடன் ரப்பர் வழிப்பானால் கண்ணாடியை வழித்துவிட்டு வெளியே வரும் பழக்கம் குடும்பத்தில் அனைவருக்கும் இருந்தால் அது அழகாகவே நிற்கும். அப்படிப்பட்ட குடும்பத்தை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

வளாகத்தில் மென்னீர்க் கருவி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கருவியில் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன; உரிய இடைவெளியில் உப்புப் போட்டு அவற்றைப் புதுப்பிக்காவிட்டால் வேலை செய்யாது. நன்றாகப் பராமரிக்கப்படும் வளாகத்தில் கறைப் பிரச்சினை பெரிதும் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பராமரிப்பு உங்கள் கையில் இல்லை. அதை நம்பிக் கறுப்பை வாங்க நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். தரையைப் பொறுத்தவரை, குளியலறைக்குப் பளபளப்பான பெரிய டைல் வேண்டவே வேண்டாம். சொரசொரப்பான மங்கல் டைல்தான் போட வேண்டும். டைலின் நிறமும், கறை தெரியாத மணல் நிறமாகவோ இளஞ்சாம்பலாகவோ இருக்கட்டும். உங்கள் நண்பர்கள் பழசாகிவிட்டது என்ற அதே சாம்பலுக்கு இங்கே நல்ல பயன் இருக்கிறது.

அடுத்தது கூரை. பெரும்பாலான அடுக்ககங்களில் தளத்துக்குத் தளம் சுமார் 3 மீட்டர். கான்கிரீட்டின் கனமும் தரையின் கனமும் போனால் உள்ளே 2.8 மீட்டர் அளவுக்கு மிஞ்சும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைகளுக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. குளிரூட்டப்பட்ட அறைக்கு மட்டும் 2.4 மீட்டர் வரை இடம் தருகிறது. அதாவது, கட்டியவர் உங்களுக்குக் கொடுத்ததே ஏறக்குறைய அடிமட்ட அளவு. அதற்குக் கீழே மறைவிளக்கு வைத்து 20 சென்டிமீட்டர் ஜிப்சம் கூரையை இறக்கினால் 2.6 மீட்டர்தான் மிச்சம். மின்விசிறி நன்றாகக் காற்று தர வேண்டுமானால் அதன் இறக்கை கூரையிலிருந்து ஓர் அடியாவது கீழே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால், இறக்கை சுமார் ஏழரை அடியில் சுழலும். உயரமான ஒருவர் சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கணினிப் படத்தில் அந்த ஹால் விசாலமாகத் தெரிவது, அதை வரைந்தவர் கேமராவைச் சுவருக்கு வெளியே வைத்து அகன்ற கோணத்தில் எடுத்ததால்தான். ஃபால்ஸ் சீலிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. பீம் அசிங்கமாக நடுவில் ஓடுகிறது, ஏசியின் குழாயை மறைக்க வேண்டும், விளக்குப் புள்ளிகள் தவறான இடத்தில் இருக்கின்றன என்றால் அந்த ஓரத்தில் மட்டும் ஒரு பட்டையாக இறக்கி, நடுவைத் திறந்தே விடலாம். மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழே வரும் பகுதியில் மட்டும், கழற்றி மாட்டும் பலகை வைத்த கூரையாக இருக்கட்டும். கசிவு வந்தால் ஜிப்சம் முழுவதையும் உடைக்க வேண்டியிருக்காது.

மறைவிளக்குகளைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி புலம்புகிறார்கள். அந்தப் பள்ளம் தூசியும் செத்த பூச்சியும் சேரும் இடம், ஏணி போட்டால்தான் எட்டும், எல்.இ.டி. பட்டையில் ஒரு துண்டு அணைந்தால் பல் விழுந்த மாதிரி தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை நிறம். நம் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை. கடைக்கும் அலுவலகத்துக்கும் அது சரி. மாலையில் வந்து உட்காரும் ஹாலில் அது யாரையும் ஓய்வெடுக்க விடாது, சாம்பல் நிறச் சுவரில் பட்டால் இன்னும் மோசம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மஞ்சள் கலந்த வெள்ளையான 3000 கெல்வின், சமையல் மேடைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 என்று பிரித்துக் கேட்டு வாங்குங்கள். ஒரே அறையில் இரண்டையும் கலந்து மாட்டாதீர்கள்.

சமையலறையில்தான் நம் வாழ்க்கைக்கும் கணினிப் படத்துக்கும் இடையே தூரம் மிகவும் அதிகம். அந்தப் படத்தில் மேடைமேல் ஒரு எலுமிச்சைக் கூடையும் காபிக் கோப்பையும் இருக்கும். உங்கள் மேடையில் கிரைண்டர், மிக்ஸி, குக்கர், இட்லிப் பானை, புளித்துக்கொண்டிருக்கும் மாவுத் தூக்கு எல்லாம் இருக்கும். கிரைண்டருக்கென்று ஒரு நிலையான இடமும் அருகிலேயே பிளக்கும் இல்லாத சமையலறையை எத்தனை லட்சம் போட்டுச் செய்தாலும், தினமும் அதில் நிற்பவர் வெறுப்பார். கைப்பிடி இல்லாத கதவுகளில், விரல் நுழைக்க விடும் அலுமினியப் பள்ளம் கோதுமை மாவும் எண்ணெயும் சேர்ந்து பசையாகும் இடம்; சாதாரணக் கைப்பிடியைத் துணியால் ஒரு இழுப்பில் துடைத்துவிடலாம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் கதவுப் பரப்பில் ஒவ்வொரு விரலும் பதியும். மங்கல் லாமினேட்டில் பதிவு குறைவு, விலையும் குறைவு. பாத்திரங்கள் வெளியே தெரிகிற திறந்த தட்டுகள் தாளிக்காத வீட்டுக்கு ஏற்றவை.

மேடைக் கல்லைப் பற்றித் தெளிவாகவே சொல்லலாம். சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட்; புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் தயிரும் அதை அரித்து மங்கலான வட்டங்களை விடும், அது கறை அன்று, கல்லே தின்னப்படுவது; தேய்த்தால் போகாது. செயற்கைக் குவார்ட்ஸ் பலகை, அமிலத்தைத் தாங்கும், ஆனால் துகள்களைப் பிணைக்கும் பிசின் சூட்டைத் தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை நேராக வைத்தால் தழும்பு விழும். (அதை அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைப் பாழாக்குகிறது என்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளையே தடை செய்துவிட்டது. குடியிருப்பவருக்கு அதனால் ஆபத்தில்லை என்றாலும், உங்கள் வீட்டுக்குள்ளேயே உலர்வாக அறுக்க அனுமதிக்காதீர்கள்.) கருப்போ பழுப்போ ஆன சாதாரணக் கிரானைட் அமிலம், சூடு இரண்டையும் தாங்கும், நம் பக்கத்திலேயே வெட்டப்படுகிறது, அது பழைய பாணி என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அலமாரி செய்யும் பலகைக்கு வருவோம். சிங்கின் அடியில் வரும் பெட்டி மட்டுமாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, நீரைத் தாங்கும் ப்ளைவுட்டாக இருக்கட்டும். அந்த இடத்தில் மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். அல்லது துகள் பலகை போட்டிருந்தால், முதல் கசிவிலேயே அது உப்பிவிடும். நிறுவனங்களின் விலைப்பட்டியலில் இதைத்தான் பொடி எழுத்தில் போடுகிறார்கள்.

டிவிச் சுவரின் வரிப் பேனல் இன்றைய மோகம். ஒவ்வொரு பள்ளத்திலும் தூசி உட்காரும்; சுற்றிலும் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும் உங்கள் பகுதியில் வாரத்துக்கு ஒருமுறை பிரஷ் போட வேண்டியிருக்கும். அதைக்காட்டிலும் எனக்குக் கவலை தருவது, சுவர் நீளத்துக்கும் அசையாமல் பொருத்திவிடும் பழக்கம். நவராத்திரிக்கு ஐந்து படியோ ஏழு படியோ கட்டுகிற குடும்பமானால், படி எந்தச் சுவரை ஒட்டி வரும், மீதி நாளில் பொம்மைப் பெட்டிகள் எந்தப் பரணில் இருக்கும் என்பதை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். சோபாவையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் தரையோடு தரையாக இருக்கும் சோபா அழகுதான்; ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் அதில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் தேவைப்படும். உட்காரும் உயரம் தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருக்கட்டும். கட்டிலுக்கும் அதே கணக்கு.

பூஜை அலமாரியில் உங்கள் மாமியார் சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன், இடம் குறித்து மட்டுமன்று. துளைவேலை செய்த எம்.டி.எஃப். பலகையும் பின்னால் விளக்கு வைத்த அக்ரிலிக்கும் படத்தில் கோயில் போலத் தோன்றும். ஆனால் அங்கே எரியப்போவது எண்ணெய் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி. சுடருக்கு மேலே ஒன்றரை அடியில் பலகைக் கூரை இருந்தால் புகை படியும், லாமினேட் உரியும், கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கவும் கூடும். விளக்கு நிற்கும் தட்டும் பின்சுவரும் கல்லாகவோ டைலாகவோ இருக்க வேண்டும். சுடருக்கு மேல் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. கீழே ஒருவர் உட்காரவும், குத்துவிளக்கு வைக்கவும், சிறு கோலம் போடவும் தரை வேண்டும். இதற்குத் தனி அறை தேவையில்லை. மூன்றடிச் சுவரும் அதற்கு முன்னால் மறிக்காத தரையும் போதும்.

ஒரே சுவருக்கு மட்டும் அடர்நிறம் பூசலாமா என்பதற்கு அதிக விவாதம் தேவையே இல்லை. பிடிக்காவிட்டால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சுவர்த்தாள், வெளிச்சுவரின் உட்புறத்திலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் நிற்காது. பால்கனியில் செயற்கைப் புல் போடாதீர்கள். அடியில் தண்ணீர் தேங்கி நாறும், வடிகால் அடைபடும்.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்ல வேண்டும். சாம்பல் நிறம் பழசாகிவிட்டதா என்றால், மோகம் தணிந்திருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் இன்று பாராட்டப்படும் மண்நிறமும் அதே வழியில்தான் போகும், ஆகவே அதற்காக நிறத்தை மாற்றுவது வீண். திறந்த சமையலறையை எல்லோரும் வெறுக்கிறார்கள் என்பதும் சரியில்லை. கருவாடு வறுக்கிற நாளில் சோபாத் துணி வரை மணக்கிறது என்று சுவர் எழுப்பியவர்கள் உண்டு. தனியே நின்று சமைத்த காலம் போய், குழந்தையைப் பார்த்துக்கொண்டே சமைக்க முடிகிறதே என்று மகிழ்பவர்களும் உண்டு. புகைபோக்கியின் குழாய் வெளிச்சுவருக்கு நேராகப் போகிறதா, எத்தனை இடத்தில் வளைகிறது என்பதைப் பொறுத்து இந்த அனுபவமே மாறிவிடும். உங்கள் வீட்டை நேரில் பார்க்காமல் நான் எந்தப் பக்கமும் பேச முடியாது. தயக்கம் இருந்தால், இழுத்து மூடும் கண்ணாடிக் கதவுக்குத் தண்டவாளம் மட்டும் இப்போதே போட்டு வைக்கலாம். மறுவிற்பனை விலை இதனால் ஏறும், அதனால் இறங்கும் என்று தரகர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாங்க வருபவர் இடத்தையும் வெளிச்சத்தையும் தண்ணீரையும் கேட்கிறார், உங்கள் லாமினேட்டைக் கழற்றி எறியத்தான் கணக்குப் போடுகிறார்.

ஆகவே நிறுவனத்திடம் விலைப்பட்டியலை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். டிவிப் பேனல், சுவர்த்தாள், ஹாலின் நடுக்கூரை, அலங்கார விளக்குகள் எல்லாம் குடிபோன பிறகு செய்யக்கூடியவை. பெங்களூருவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை பலமாக அடிக்கும், அதை ஒருமுறை பார்த்த பின் எந்தச் சுவர் ஈரம் வாங்குகிறது என்பது தெரிந்துவிடும், அதற்கு மேல் முடிவு செய்யலாம். மின் இணைப்புப் புள்ளிகளையும் தண்ணீர்க் குழாய்களையும் குளியலறைத் தரையின் சரிவையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இவற்றைப் பின்னால் மாற்ற வேண்டுமானால் சுவரையும் தரையையும் வெட்ட வேண்டியிருக்கும். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் தனித்தனிப் பிளக், இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒரு 16 ஆம்பியர் இணைப்பு, பூஜை இடத்தில் ஒன்று, கட்டிலின் இரு பக்கமும் விளக்கு அணைக்கும் சுவிட்ச் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, கையெழுத்துப் போடும் முன் எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரவழைத்துச் சுவரிலேயே சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள்.